ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடம்

போன வாரம் நம் கடைக்கு வந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று சின்ன முதலாளி கேட்டிருந்தார். எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை சமையலறையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவன் அப்படியே நின்றுவிட்டேன். ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் கையில் தட்டோடு நிற்கிற அளவுக்கு ஒரு சந்து உண்டு. அதில் ஒரு மைக்ரோவேவைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். யார் பார்த்த வேலை இது என்று கேட்டேன்.

"காலியாத்தான சார் கெடந்துச்சு" என்றார் உங்களில் ஒருவர்.

காலியாகக் கிடந்த இடமா அது? நான் இங்கே ஹெட் சப்ளையராக இருந்த காலம் முழுக்க எனக்கு அதிகம் பயன்பட்ட இடமே அதுதான். எனக்கு வந்த கோபத்தில் டீ கூடக் குடிக்காமல் நெம்மேலிக்குப் பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்ததில், உங்கள் மேல் தப்பில்லை என்று பட்டது. சொன்னால்தானே தெரியும். அதனால் சொல்லிவிடுகிறேன்.

தட்டை எந்தப் பக்கம் வைப்பது, கத்தியை எப்படித் துடைப்பது என்பதெல்லாம் இங்கே வராது. அதற்கு மாஸ்டர் இருக்கிறார், அவர் வாயும் இருக்கிறது. நான் சொல்லப்போவது, மேஜைக்குப் போன தட்டு திரும்பி வருகிற நேரத்தைப் பற்றி. அந்த நேரத்தில்தான் சப்ளையருக்கு மூளை வேண்டும். மற்ற நேரமெல்லாம் கால் இருந்தால் போதும்.

மாமல்லபுரத்தில் ஸ்டீக் கடை என்றால் வெள்ளைக்காரர்களுக்கான கடை என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். கப்பலில் சமையல்காரராக இருந்த பெரிய முதலாளி, கரைக்கு வந்து கடையைத் தொடங்கியபோது அப்படித்தான் நினைத்தார். ஆனால் கோடையில் ஒரு வெள்ளைக்காரன் கண்ணில் படமாட்டான். அப்போதெல்லாம் இந்தக் கடையைத் தாங்கிப் பிடித்தவர்கள் நம் ஆட்கள்தான். சிற்பப் பட்டறைக்காரர்கள், நெம்மேலி ஆலையில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் எஞ்சினியர்கள், சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து ஃபேக்டரிகளில் முதல் போனஸ் வாங்கிய கையோடு அப்பா அம்மாவை அழைத்துவரும் பிள்ளைகள். சிவப்புக் கட்டம் போட்ட மேஜை விரிப்பும், புகைகிற கறியோடு 'சொய்ங்' என்று சத்தம் போட்டபடி வரும் இரும்புத் தட்டும் அவர்களுக்கு அப்படியே இருக்க வேண்டும். ஒருமுறை விரிப்பை நீலமாக மாற்றினோம். அந்த வாரம் முழுக்க முதலாளியால் கல்லாவில் உட்கார முடியவில்லை, வந்தவர்கள் எல்லாம் துக்கம் விசாரித்தார்கள்.

முதலில் ஒரு சின்னச் சம்பவம். அப்படி ஒரு போனஸ் குடும்பம் வந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்து மேஜையில் ஒரு ஜெர்மன்காரர், கறியை நெருப்பில் காட்டி எடுத்தால் போதும் என்கிற ரகம். அவர் கத்தியை வைத்ததும் தட்டில் சிவப்பாகச் சாறு ஓடியது. பையனின் அம்மா அதைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "டேய், அந்தாளு பச்சையா துன்னுகினு கீறான்டா, வா போலாம்." பையன் முகம் செத்துவிட்டது. அவனுடைய முதல் போனஸ் அது. எனக்கு ஜெர்மன் தெரியாது. அந்த அம்மாவுக்கு ஸ்டீக்கின் வகைகளை விளக்கவும் என்னால் ஆகாது. ஜெர்மன்காரரின் தலைக்கு மேலிருந்த விளக்கை அணைத்துவிட்டு, அவர் மேஜையில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்தேன். தட்டு இருட்டுக்குள் போய்விட்டது. அந்த அம்மா உட்கார்ந்து சிக்கனை முழுசாகச் சாப்பிட்டார். ஜெர்மன்காரர், இவ்வளவு அன்பான உபசரிப்பை எங்குமே பார்த்ததில்லை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்கு முன்னால் விளக்கு சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

இப்போது ஃப்ரிட்ஜ் விஷயத்துக்கு வருகிறேன்.

படாளத்திலிருந்து ஏகாம்பரம் என்று ஒருவர் வருவார். சொந்தமாக லாரிகள் வைத்திருந்தார். கடற்கரையோரம் கட்டுகிற ரிசார்ட்டுகளுக்கெல்லாம் அவர் லாரிதான் ஜல்லி அடிக்கும். புதன்கிழமை தவறாமல் வேலை நடக்கிற இடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மத்தியானம் நம் கடை ஜன்னலோர மேஜையில் வந்து உட்காருவார். பீஃப் ஸ்டீக், நன்றாக வெந்தது. வேறு எதையும் அவர் தொட்டு நான் பார்த்ததில்லை.

தட்டைக் கொண்டுபோய் வைத்ததும் சத்தம் அடங்கும் வரை கண்ணை மூடிக் கேட்பார். பிறகு ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி வாயில் போடுவார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து யோசிப்பார். தட்டை என் பக்கம் தள்ளுவார்.

"நைனா, இன்னும் கொஞ்சம் வேவணும்."

ஒரு புதன்கிழமைகூட இது தவறியதில்லை. முதலில் கொஞ்ச காலம் மாஸ்டர் திட்டிக்கொண்டே மறுபடி கல்லில் போட்டுக் கொடுத்தார். அது செருப்பாகிவிடும். ஏகாம்பரம் அதையும் கடித்து இழுத்துவிட்டு "இப்ப சரி" என்பார். முதல் தடவையே அதிகமாக வேகவைத்துக் கொடுத்தும் பார்த்தோம். அதுவும் திரும்பி வந்தது. மாஸ்டருக்கு ரத்தக்கொதிப்பு வந்ததற்கு டாக்டர் ஆயிரம் காரணம் சொல்லலாம், எனக்குத் தெரிந்த காரணம் புதன்கிழமை.

ஒருநாள் நல்ல கூட்டம். அடுப்பில் ஒரு கல்கூடக் காலியில்லை. மாஸ்டர் ஏற்கனவே யாருடனோ கத்திக்கொண்டிருந்தார். ஏகாம்பரத்தின் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போன எனக்கு அதை அவரிடம் நீட்டத் துணிச்சல் வரவில்லை. ஃப்ரிட்ஜ் சந்துக்குள் ஒதுங்கி நின்றேன். என்ன செய்வது என்று புரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வருவது வரட்டும் என்று அதே தட்டை அப்படியே கொண்டுபோய் வைத்தேன். ஏகாம்பரம் ஒரு துண்டு வெட்டினார். மென்றார். தலையைச் சாய்த்தார்.

"இப்பத்தான் சரி நைனா" என்றார்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். தட்டு திரும்பும், நான் சந்தில் நிற்பேன், பேசி முடித்த கல்யாணம் போல எல்லாம் ஒழுங்காக நடக்கும். மாஸ்டரும் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வார். ஏகாம்பரத்துக்கு வேண்டியது வெந்த கறி இல்லை. தன் பேச்சைக் கேட்டு ஓர் ஆள் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்து கொடுப்பதில் எனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது. சொல்லப்போனால் புதன்கிழமை மத்தியானம் அந்தச் சந்தில் நிற்கிற கொஞ்ச நேரம்தான் எனக்கு ஓய்வு.

நான் வேலையை விடுவதற்கு முந்தைய மழைக்காலத்தில் அவர் வருவது நின்றது. ஜன்னலோர மேஜையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் கடைக்குப் போன் வந்தது.

"கறிக் கடையா?" ஒரு பெண் குரல்.

"ஸ்டீக் கடைம்மா."

"அதாம்பா. நான் படாளத்துலர்ந்து பேசுறேன். லாரிக்கார ஏகாம்பரம் வூடு. அவரு பூட்டாரு தம்பி. வர்ற ஞாயித்துக்கெழம முப்பதாம் நாள் படையல். அவருக்குப் புடிச்சதெல்லாம் வக்கணும். உங்க கடைல தட்டுல சத்தம் போட்டுகினே கறி வருமாமே, அது வோணும்."

எனக்குச் சப்ளையர் பேச்சுதான் வந்தது. "பார்சல் குடுக்கலாம் அண்ணி. ஆனா சத்தம் பார்சல்ல வராது."

"சத்தம் வோணும் தம்பி. கறிய வுட அதத்தான் சொல்லிகினு இருப்பாரு."

மாஸ்டரிடம் சொன்னேன். கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு எண்ணெய் டின் மேல் உட்கார்ந்துவிட்டார். "நான் போட்ட கறிய ஒரு நாளாச்சும் மொதல் தபாவே துன்னானா அந்த மனுசன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அடுப்பை விட்டு அவர் வர முடியாது. நல்ல துண்டாகப் பார்த்து முக்கால் பதம் வேகவைத்து, மீதியை அங்கே போய் எப்படி முடிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். கறியை டப்பாவிலும், இரும்புத் தட்டையும் அதை வைக்கிற மரப்பலகையையும் சாக்கிலும் கட்டிக்கொண்டு, கடை வேனில் திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாகப் படாளம் போய்ச் சேர்ந்தேன்.

வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். ஊரும் உறவும் நாற்காலிகளில் நிறைந்திருந்தது. ஓரத்தில் ஒரு பெரிய அண்டாவில் பிரியாணி தம்மில் இருந்தது. உள்ளே மாலை போட்ட படத்தில் ஏகாம்பரம், எதையோ திருப்பி அனுப்பப் போகிறவர் மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் தலைவாழை இலையில் நாட்டுக்கோழி, வஞ்சரம், முட்டை, வடை, ஒரு கட்டு பீடி. நடுவில் என் தட்டுக்காக இடம் விட்டிருந்தார்கள்.

சடங்கையெல்லாம் முன்னால் நின்று நடத்தியவர் போனில் பேசிய அம்மாவின் தம்பி, ஏகாம்பரத்தின் மச்சான். டப்பாவைத் திறந்து பார்த்தார். "இது இன்னா கறி அண்ணாத்த?"

வந்து இறங்கியதும் எனக்கு இப்படி ஒரு பரீட்சை. லாரி இருந்தாலும் விவசாயக் குடும்பம், தொழுவத்தில் மாடுகள் நிற்கின்றன, படத்தில் மாலை இருக்கிறது. விளக்கு சுவிட்ச் எங்கேயும் தெரியவில்லை.

"ஓட்டல் கறி" என்றார் அந்த அம்மா பின்னாலிருந்து.

"ஆட்டுக் கறியா, இன்னான்னு..."

"ஓட்டல் கறின்றேன்ல. அவரும் அதத்தான் சொன்னாரு. நானும் அதுக்கு மேல கேட்டுக்கல. நீ போய்ப் பந்தியப் பாரு."

நாற்பது சப்ளையர்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கலாம் அந்த அம்மா. அவர் பின்னாலேயே சமையலறைக்குப் போய் இரும்புத் தட்டை அடுப்பில் ஏற்றினேன். அது காய்கிற நேரத்தில்தான் அவர் விஷயத்தைச் சொன்னார்.

"பதினாறாம் நாளு சோறு வச்சோம் தம்பி. காக்கா வரவே இல்ல. கடசீல எதிர் வூட்டு நாயி துன்னுட்டுப் போச்சு."

"மழைல எங்கனா ஒதுங்கியிருக்கும் அண்ணி."

"இல்ல. எம்மேல கோவம் அவருக்கு. அன்னிக்குக் காலைல தோச வச்சேன். வேவலன்னாரு. எனக்கு இன்னா பேஜாரோ, துன்னா துன்னு, இல்லாட்டி எழுந்து போன்னுட்டேன். எழுந்து பூட்டாரு. ஷெட்டுல லாரியாண்ட போய் உக்காந்தவரு எழுந்துக்கவே இல்ல." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "இன்னிக்காச்சும் வந்து வாய் வச்சார்னா எனக்குச் சோறு எறங்கும். இல்லாட்டி அவரு பசியோட போனவருதான்."

எத்தனையோ பேருக்குப் பரிமாறியிருக்கிறேன், இப்படி ஒரு ஆர்டரை எடுத்ததில்லை.

கறியைத் தட்டில் போட்டு, வெண்ணெயை மேலே விட்டு, சத்தமும் புகையுமாகக் கூடத்துக்குள் கொண்டுவந்தேன். "இன்னாடா இது, ரேடியேட்டர் சூடான மாதிரி வருது" என்று ஒரு டிரைவர் நாற்காலியை இழுத்துக்கொண்டார். படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். பிறகு காகத்துக்கு வைக்க வேண்டும். காகம் எடுக்காமல் யாரும் கை நனைக்கக் கூடாது. அந்த அம்மா விருப்பப்படி, தட்டையே மரப்பலகையோடு மதில் மேல் கொண்டுபோய் வைத்தேன். தென்னை மரத்தில் இரண்டு காகம் உட்கார்ந்திருந்தது. தட்டு போட்ட சத்தத்தில் இரண்டும் மதுராந்தகம் பக்கமாகப் பறந்துவிட்டன.

எல்லோரும் "கா, கா" என்று கூப்பிட்டார்கள். மெதுவாகக் கூப்பிட்டார்கள், அதட்டிக் கூப்பிட்டார்கள். ஒருவர் போனில் காகம் கத்துகிற வீடியோவைத் தேடிப்பிடித்து மதில் மேல் வைத்தார். பிரியாணி வாசனை வேறு. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் இலையில் தண்ணீர் தெளித்து முடித்து, காய்ந்ததும் மறுபடி தெளித்தார்கள்.

"காக்காக்கு இன்னாத்துக்கு இங்கிலீஷ் சாப்பாடு?" என்றார் மச்சான். "ஒரு வடைய வையி, வந்துட்டுப் போவுது. ஜனங்க பசியோட கீது."

"அவருக்கு வச்சது அங்கதான் கீது. அதத்தான் எடுக்கணும்" என்றார் அந்த அம்மா. அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். இத்தனை வருஷம் பரிமாறியவன் நீ, ஏதாவது செய் என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

அப்போது ஒரு காகம் வந்து மதிலின் கடைசியில் உட்கார்ந்தது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. காகம் தத்தித் தத்திக் கிட்டே வந்தது. தட்டைப் பார்த்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது. இரண்டு எட்டு பின்னால் போனது.

இந்தச் சாய்ப்பை நான் எத்தனை புதன்கிழமை பார்த்திருக்கிறேன். யோசிக்கவே இல்லை, கால் தானாக நடந்தது. "இருங்கண்ணே, இதோ எடுத்தாறேன்" என்று சொல்லித் தட்டைத் தூக்கிவிட்டேன்.

"யோவ், எங்க எடுத்துனு போற?" என்று மச்சான் குறுக்கே வந்தார்.

"வேகலைன்றாரு" என்றேன்.

அவர் வழி விட்டார். நான் நேராகச் சமையலறைக்குள் போனேன். அங்கேயும் ஒரு ஃப்ரிட்ஜ் இருந்தது. பழக்க தோஷம், அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். பின்னாலேயே அந்த அம்மா வந்தார்.

"அடுப்பு அந்தாண்ட கீது தம்பி."

"தெரியும் அண்ணி."

"அப்பறம் இங்க இன்னாத்துக்கு நிக்கிற?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. "அண்ணன் வேகலன்னு சொன்னா நான் இப்படித்தான் செய்வேன். மறுபடி அடுப்புல வைக்கிறதில்ல. கொஞ்ச நேரம் நின்னுட்டு இதையே எடுத்துட்டுப் போவேன். இப்ப சரின்னு சாப்பிடுவாரு."

அவர் என்னையே பார்த்தார். கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். உதடு துடித்தது. தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார், அதையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

"அங்கயும் இதே கூத்துதானா? வேவலன்னு சொன்னா நான் தோசைய மறுபடி கல்லு மேலயே வைக்கமாட்டேன் தம்பி. இதோ, இந்தக் கதவாண்ட நின்னுட்டு, அதையே கொண்டாந்து போடுவேன். கல்யாணம் ஆன நாள்லர்ந்து இதான்." சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. "அன்னிக்கு ஒரு நாளுதான் நிக்கல."

அவர் அழுது முடித்து, என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார். சூடு ஆறியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கதவோரமாகப் போய் நின்றார். நான் ஃப்ரிட்ஜ் ஓரம், அவர் கதவோரம். வெளியே பசித்த ஜனங்கள் முணுமுணுக்கிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அவசரப்படவில்லை.

பிறகு அவரே தட்டை எடுத்துக்கொண்டு போய் மதிலில் வைத்தார். புகையும் சத்தமும் அடங்கிவிட்டதால்தான் காகம் கிட்டே வந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். அப்படியே இருக்கட்டும். அது சப்ளையருக்குத் தேவையில்லாத ஆராய்ச்சி.

காகம் வந்தது. ஒரு துண்டை எடுத்தது. எடுத்ததைக் கீழே போட்டது. மறுபடி தலையைச் சாய்த்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது. பந்தியில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். நான் தட்டை எடுக்கக் கையை நீட்டினேன். அந்த அம்மா என் கையைத் தடுத்துவிட்டுக் காகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"போதும்யா. இதுக்கு மேல வேவாது."

காகம் துண்டைக் கவ்விக்கொண்டு தென்னை மரத்துக்குப் பறந்தது.

அன்றைக்கு அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். அரிசி கொஞ்சம் வேகாமல்தான் இருந்தது, யாரும் சொல்லவில்லை.

பிள்ளைகளா, அந்த மைக்ரோவேவை வேறு எங்காவது நகர்த்தி வையுங்கள்.